ஏரல்காரி பாய்ச்சிய தண்ணீர்

வடிவம்மாள் பிறந்தது ஏரலில். தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தானே நடந்துவந்து வாழைக்கும் நெல்லுக்கும் பாயும் ஊர். அவளுக்கு வரன் பார்த்தவர்கள் மாப்பிள்ளைக்குக் குடி உண்டா என்று விசாரித்தார்கள், சீட்டாட்டம் உண்டா என்று விசாரித்தார்கள், மாமியாருக்கு வாய் நீளமா என்றுகூட விசாரித்தார்கள். ஊரில் தண்ணீர் உண்டா என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கடல்காற்று எட்டிப் பார்க்கிற கரிசல் காட்டில், வானத்தை நம்பிப் பருத்தி போடுகிற குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

வந்த புதிதில் ஒருநாள் அவள் அரிசி களைந்த தண்ணீரை முற்றத்தில் வீசி ஊற்றினாள். வீட்டிலிருந்தவர்கள் கண்ணெதிரே கொலை நடந்தது போல நின்றார்கள். அது ஆட்டுக்கு வைக்க வேண்டிய தண்ணீர். கணவன் மாசானம் காலிச் சட்டியை எடுத்து உள்ளே வைத்தான். அவனுடைய தம்பி பால்துரைதான், அப்போது மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது, விழுந்து விழுந்து சிரித்தான்.

"மைனிக்கு வீட்டுக்குப் பொறத்தால ஆறு ஓடுதுன்னு நெனப்பு. ஏரல்காரில்லா!"

அன்றைக்கு ஒட்டிய பெயர். அதற்குப் பிறகு ரேஷன் கார்டில் மட்டும்தான் அவள் வடிவம்மாள். ஊருக்கு ஏரல்காரி. பெயர் வைத்தவன் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. பேச ஆளில்லாத அந்த வீட்டில் அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவன் ஒருவன்தான் இருந்தான்.

மாமனார் வெட்டிய கிணறு ஒன்று காட்டில் இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்கினார்கள், கிணற்றை இரண்டாக்க முடியாதே. முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் மாசானத்துக்கு, மறுநாள் பால்துரைக்கு. இரவெல்லாம் ஊறுகிற தண்ணீரைப் பகலில் கொஞ்ச நேரம் இறைக்கலாம், பிறகு மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தும். மழை ஒழுங்காகப் பெய்கிற வருஷம் அந்தக் கிணற்றைப் பருத்தி ஏறெடுத்தும் பார்க்காது. மழை ஏமாற்றினால் அதுதான் கதி.

அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவதற்கு ஒரு வழி உண்டு. செடி வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற சால்களில் ஒன்றை விட்டுவிட்டு அடுத்த சாலுக்கு விடுவது. விட்ட சால் அடுத்த முறைக்கு. இரண்டு பக்கமும் இருக்கிற செடி ஒரு பக்கத்து வேரால் குடித்துக்கொள்ளும். தண்ணீர் சாலின் கடைசிக்குப் போய்த் தொட்டவுடன் மண்ணைப் போட்டு அடைத்துவிட வேண்டும். நிற்கவிடக் கூடாது. கரிசல் மண் பொல்லாதது, குடித்ததை லேசில் விடாது. வடிவம்மாளுக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை. மம்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போகட்டுமே, இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று நிற்பாள். பால்துரை அடுத்த வயலிலிருந்து சத்தம் போடுவான்.

"மைனி, அது பருத்தி! வாழையில்ல! அடைங்க மடைய!"

கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. செல்வராணி என்று பெயர். தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கிற பருவத்தில், ஒரு கோடையில் அதற்குப் பேதி கண்டது. வயிறு போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். மாமியார் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், மந்திரித்துக் கயிறு கட்டியவனும் சொன்னான். படுபாவிகள் என்று திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர்களும் தங்கள் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார்கள், அப்படித்தான் பறிகொடுத்தார்கள். குழந்தையின் உதடு வெடித்தது, உச்சிக்குழி உள்ளே போனது. பேச்சு வராத பிள்ளை, தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. வடிவம்மாள் செம்பை எடுத்துப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாசானம் வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொடுத்திருக்கலாம். அவள் கையை யாரும் கட்டிப்போடவில்லை. அவள் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சொந்தக் காட்டின் ஓரத்தில் அடக்கம் செய்வார்கள், அடையாளத்துக்குக் கல் நடுவதில்லை. மாசானத்துக்கு மம்பட்டியைத் தூக்கக் கை எழும்பவில்லை. பால்துரைதான் குழி வெட்டினான். காடெல்லாம் பாறை போல இறுகிக் கிடந்த கோடை. வாய்க்கால் வந்து வயலுக்குள் திரும்புகிற மடைத்தலையில் மட்டும் மண் கொஞ்சம் பதமாக இருந்தது. அங்கே வெட்டினான்.

அதற்குப் பிறகு, தங்கள் முறையன்று மோட்டார் ஓடினால், வடிவம்மாள் எந்தச் சாலுக்கும் உடனே தண்ணீரைத் திருப்பமாட்டாள். மடைத்தலையில் ஒரு பாய் அகல இடத்தில் அது சுற்றிப் பரவ விட்டுவிட்டு, மண் குடித்து அடங்குகிறவரை நிற்பாள். பிறகுதான் பருத்திக்கு. ஒரு செம்புத் தண்ணீருக்கும் கணக்குப் பார்க்கிற ஊரில் அது வீண் என்று எவனும் சொல்வான். பால்துரை சொன்னதில்லை. அவள் சேலை கட்டுவதிலிருந்து குழம்பு வைப்பது வரைக்கும் கேலி செய்தவன், அவள் அங்கே நிற்கிறபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான். கல்யாணமாகிப் பொன்செல்வி என்கிற மனைவி வந்த பிறகும், அவளிடம்கூட அவன் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு தங்கதுரை பிறந்தான். அவனை வடிவம்மாள் தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே வளர்த்தாள் என்று பொன்செல்வி கிண்டல் பண்ணுவாள். அவன் படித்து, தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டப் போய், அங்கேயே கல்யாணம் செய்து வாடகை வீட்டில் குடியேறினான். மாசானம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதோடு அந்தக் காட்டில் அவள் தனி ஆள் ஆனாள்.

தங்கதுரை நல்ல பிள்ளை. அதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை கேட்கிறவர்கள் அவனை வில்லனாக்கிவிடுவார்கள். அம்மா ஒண்டியாகக் கிடக்கிறாளே, பாம்பு பூச்சி கடித்தால் கேட்க நாதி இல்லையே என்பதுதான் அவன் கவலை. சுற்றிலும் காடுகளைச் சோலார் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்குக் கண்ணாடிப் பலகைகள். இவர்கள் நிலமும் பால்துரை நிலமும்தான் நடுவில் மிச்சம்.

"குடுத்துரலாம்மா. என்கூட வந்து இரு. பேரப்பிள்ளைகளோட இருந்துக்கிட்டு, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்லா?"

"நான் எதுக்குலே அங்க வந்து கூண்டுக்குள்ள கெடக்கணும்? எனக்குக் காடு இருக்கு."

"அந்தக் காட்டுல என்னதாம்மா இருக்கு?"

அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். தனக்கு ஓர் அக்காள் இருந்து செத்துப்போனாள் என்று தங்கதுரைக்குத் தெரியும். எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது. இடத்தைக் காட்டினால், எப்படிச் செத்தாள் என்று கேட்பான். தண்ணீருக்குத் தவித்தது, நான் செம்பை ஒளித்துவைத்தேன் என்று பெற்ற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே அவள் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் அம்மாவும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷப் பருத்தி காய் பிடித்து நின்றால் நிலத்தைப் பற்றி இனிமேல் அவன் பேச்சே எடுக்கக் கூடாது. பருத்தி போய்விட்டால் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

ஐப்பசியில் மழை நன்றாகத்தான் இறங்கியது. விதை பழுதில்லாமல் முளைத்தது. கார்த்திகையில் வானம் வாயை மூடிக்கொண்டது. மார்கழியில் பனி, தையில் வெயில். செடி இடுப்புயரம் வளர்ந்து, பூத்து, காய் பிடிக்கிற நேரத்துக்கு நிலம் கைவிரல் நுழைகிற அளவு வெடித்துவிட்டது. பால்துரையும் வடிவம்மாளும் முறை தவறாமல் கிணற்றைச் சுரண்டி இறைத்து, ஒரு சால் விட்டு ஒரு சாலாகச் செடிகளின் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். செடி ஒவ்வொன்றிலும் பச்சைக் காய் கொத்தாகத் தொங்கியது. இன்னும் கொஞ்சநாள் தாங்கினால் போதும்.

அப்போதுதான் பால்துரை மம்பட்டியோடு வரப்பில் சாய்ந்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பொன்செல்வி ஆம்புலன்சில் அவனைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனாள். ஏறும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, எங்க முறைக்கும் நீங்களே மோட்டாரைப் போட்டு எங்க பருத்திக்குப் பாய்ச்சிருங்க. அத நம்பித்தான் நான் போறேன்."

"நீ போளா. தம்பியப் பாரு. காட்ட நான் பாத்துக்கிடுதேன்."

முதலில் அவள் வாக்குத் தவறவில்லை. பொன்செல்வியின் முறையன்று பொன்செல்வியின் பருத்திக்குத்தான் தண்ணீர் போனது. ஆனால் ஊற்று நாளுக்கு நாள் சுருங்கியது. உச்சிவெயிலில் அவளுடைய செடிகள் இலையைத் தொங்கவிட ஆரம்பித்தன. தங்கதுரை போன் பண்ணினான்.

"ஞாயித்துக்கிழமை கம்பெனி ஆள் வரணும்ங்காரு. சும்மா பாத்துட்டுப் போகட்டும்மா. பருத்தி நல்லா நின்னா நானே அந்தாள அனுப்பிச்சிருதேன்."

போனை வைத்துவிட்டுக் காட்டைப் பார்த்தாள். தொங்கிக் கிடந்த இலைகளை அவளால் பார்க்க முடியவில்லை. வாடிப்போன எதையும் அவளால் பார்க்க முடியாது. வெடித்த உதடு ஞாபகத்துக்கு வந்துவிடும்.

மறுநாள் பொன்செல்வியின் முறை. வடிவம்மாள் மோட்டாரைப் போட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் பொன்செல்வி, அந்தப் பக்கம் திருப்பினால் அவள். இன்றைக்கு ஒருநாள்தானே, நாளைக்குச் சேர்த்து விட்டுவிடலாம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு, மம்பட்டியால் தன் பக்கம் வெட்டிவிட்டாள். மறுநாள் அவளுடைய முறை, அதுவும் அவளுக்கே. அடுத்த நாள் மறுபடி பொன்செல்வியின் முறை, அதையும் தன் பக்கமே திருப்பினாள். திருட்டில் முதல் தடவைதான் மனசு உறுத்தும் என்பார்கள். அவளுக்கு இரண்டாம் தடவையும் உறுத்தியது. உறுத்த உறுத்தத்தான் வெட்டினாள்.

பாய்ச்சியதும் கரிசல்காட்டு வழியில் இல்லை. ஒரு சால் விட்டு ஒரு சால் என்கிற கணக்கெல்லாம் போயே போயிற்று. மோட்டார் காற்றைக் குடித்தால் ஊறும்வரை காத்திருந்து, ராத்திரியிலும் போட்டு, எல்லாச் சாலுக்கும் விட்டாள், முட்ட முட்ட விட்டாள். நிலத்து வெடிப்புகள் குபுகுபுவென்று குடித்தன. கணுக்கால் அளவு தண்ணீர் சாலில் நின்றதை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. ஏரலில் அப்பா வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற சத்தம் காதில் கேட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, கணக்குப் பார்க்காமல் கொடுத்த சந்தோஷம்.

முதல் நாள் செடிகள் நிமிர்ந்தன. அவள் கும்பிட்டாள். இரண்டாம் நாள் உச்சியில் மறுபடி இலை தொங்கியது. வெயில் கொளுத்துகிறது, இன்னும் தாகம் அடங்கவில்லை என்று நினைத்தாள். யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அந்த மண்ணில் பிறந்தவர்களைத் தவிர. பால்துரை நின்றிருந்தால் ஓடிவந்து மோட்டாரை அணைத்துவிட்டு அவளைக் கிழி கிழி என்று கிழித்திருப்பான். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் கோணிக் கிடந்தான். கிணற்றில் கடைசியாக இருந்த கலங்கல் வரைக்கும் அவள் இறைத்துச் செடிகளுக்குக் கொட்டினாள். தொங்கத் தொங்கக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கதுரை கம்பெனி ஆளோடு வந்தபோது வயல் முழுக்க இலைகள் வெந்த கீரை போலத் தொங்கின. சிவந்தும் கறுத்தும் கிடந்தன. பூவும், பூக்காத சப்பை மொட்டும் காலடியில் உதிர்ந்து கிடக்க, முற்றாத காய்கள் வாயைப் பிளந்திருந்தன. வந்த ஆள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். தங்கதுரை குனிந்து மண்ணைத் தொட்டான்.

"ஈரமாத்தானம்மா இருக்கு? பொறவு எப்படி இப்படி ஆச்சு?"

"தெரியலியேய்யா," என்றாள். அது உண்மைதான். அவளுக்குத் தெரியவில்லை.

"விடும்மா. உன் கையில என்ன இருக்கு," என்று அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். ஜெயித்துவிட்டோம் என்கிற முகம் அவனுக்கு இல்லை. அது அவளுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

மறுநாள் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு விளாத்திகுளம் உரக்கடைக்குப் போனாள். பூச்சியா, நோயா, ஏதாவது மருந்து உண்டா என்று கேட்கத்தான். கடைக்கார அண்ணாச்சி வேரைக் கிள்ளிப் பார்த்தார், தண்டைக் கீறிப் பார்த்தார்.

"பூச்சியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தண்ணி குடுத்தியளா?"

"குடுத்தேன் அண்ணாச்சி. நல்லாக் குடுத்தேன்."

"எம்புட்டு?"

அவள் கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள்.

அண்ணாச்சி செடியைக் கீழே வைத்துவிட்டார். "காஞ்சு கெடந்த கரிசல்ல, காயும் பூவுமா நிக்கிற செடிக்கு, மொத்தமாத் தண்ணியக் கட்டி நிக்கவிட்டா வேரு மூச்சு முட்டிரும்மா. திடீர் வாடல்னு சொல்லுவாங்க. இலை தொங்கினது தாகத்துல இல்ல. நீங்க அதுக்குமேலயும் விட்டிருக்கிய. கொஞ்சமா, சால் விட்டுச் சால் விட்டிருந்தா நின்னிருக்கும்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். வடிவம்மாள் பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகிற பஸ் வந்தது, போயிற்று. அவள் ஏறவில்லை. ஒன்றுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன், இன்னொன்றுக்குக் கொடுத்துக் கொன்றேன், எனக்கு மட்டும் ஏன் அளவு தெரியாமல் போயிற்று என்று நினைத்து நினைத்து, பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொன்செல்வியின் பருத்தி என்ன ஆயிற்று என்று சொல்லவே வேண்டாம். அது தண்ணீர் கிடைக்காமல் நின்ற இடத்தில் காய்ந்தது. தொட்டால் இலை அப்பளமாக நொறுங்கியது. வரப்புக்கு ஒரு பக்கம் காய்ந்து செத்த பருத்தி, மறுபக்கம் ஊறிச் செத்த பருத்தி. கிணறு வெறும் சேறு.

பால்துரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காலை இழுத்து இழுத்துக் கம்பு ஊன்றி நடந்தான். பேச்சு மட்டும் வரவில்லை. ஏதோ ஒரு சத்தம் தொண்டையிலிருந்து வரும், அதற்குப் பொருள் சொல்ல யாராலும் முடியாது. பொன்செல்வி வடிவம்மாளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெணத்துல தண்ணியில்லன்னா நீங்க என்னக்கா செய்வீங்க? ரெண்டு காட்டையும் வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பாடு பட்டீங்களோ."

அந்த வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வடிவம்மாள் பொன்செல்வியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். முறையைத் திருடியதை, மொத்தமாக விட்டதை, உரக்கடை அண்ணாச்சி சொன்னதை. பொன்செல்வி துவைக்கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு ஒரு தடவகூடவா விடல?"

"மொதல்ல விட்டேன். பொறவு விடல."

"எதுக்குக்கா? அந்தக் காடு உங்களுக்கு அப்படி என்ன?"

மகன் கேட்ட அதே கேள்வி. எல்லாவற்றையும் சொன்னவள் மடைத்தலையை மட்டும் சொல்லவில்லை. பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை.

"அவருகிட்டச் சொல்லிராதீங்க. பேச்சுதான் போச்சு. காது நல்லாக் கேக்கும். நீங்க செஞ்சீங்கன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

விதைக்கவும் பாய்ச்சவும் ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு பொன்செல்வி என்ன செய்வாள்? வைத்தியத்துக்கு வேண்டியிருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்தே கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது என்று ஆயிற்று. வடிவம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அளந்து கல் நடுகிற அன்றைக்குத் தங்கதுரை தூத்துக்குடியிலிருந்து வந்தான். பால்துரை வீட்டில் இருக்கமாட்டேன் என்று கம்பைத் தரையில் தட்டி அடம்பிடித்ததால், அவனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காட்டுக்கு வந்து இறங்கியவன் முதலில் தன் பருத்தியைப் பார்த்தான். பிறகு வரப்பின் மேல் நின்று வடிவம்மாளின் பருத்தியைப் பார்த்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த மண்ணைக் கிண்டியவனுக்குக் காய்ந்து செத்த செடி எது, மூழ்கிச் செத்த செடி எது என்று ஒருத்தர் வந்து சொல்ல வேண்டுமா? தண்ணீர் யாருடைய முறையில் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது அந்த இரண்டு வயலிலும் எழுதி ஒட்டியது போலத் தெரிந்தது. அவன் திரும்பி வடிவம்மாளைப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஏரல்காரி, உன் புத்தியக் காட்டிட்டியே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால், காலில் விழுந்து அழுதுவிடுவாள். அவனுக்கு வாய் இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

கம்பெனி ஆட்கள் அளவு நாடாவை இழுத்து, மடைத்தலைப் பக்கம் முதல் கல்லுக்கு இடம் குறித்தார்கள். ஒருவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அப்போது பால்துரை வரப்பிலிருந்து இறங்கினான். கம்பை ஊன்றி, செத்த காலை இழுத்துக்கொண்டு, காய்ந்த கட்டிகளில் தடுமாறித் தடுமாறிப் போனான். பொன்செல்வி, "எங்க போறீங்க, விழுந்திருவீங்க!" என்று கத்தினாள். அவன் நிற்கவில்லை. வாய்க்கால் வயலுக்குள் திரும்புகிற இடத்துக்குப் போய், கம்பைப் போட்டுவிட்டு, ஒரு பாய் அகலம் உள்ள அந்த மண்ணின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நல்ல கையை விரித்து மண்ணில் ஊன்றிக்கொண்டான். கடப்பாரைக்காரன் பக்கத்தில் வர, தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எழுப்பினான். மாடு கத்துவது போல ஒரு சத்தம்.

ஆட்கள் திகைத்து நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வடிவம்மாளுக்கு மட்டும் விளங்கியது. அத்தனையும் தெரிந்த பிறகும், தன் வயலைக் காயப்போட்டவள் என்று தெரிந்த பிறகும், அவளுடைய பிள்ளைக்காக அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"சித்தப்பா எதுக்கும்மா அங்கன போயி உக்காந்திருக்காரு?" என்று தங்கதுரை கேட்டான்.

இப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்லை ஓர் அடி தள்ளி நட்டிருப்பார்களோ என்னவோ. ஆனால் கண்ணாடிப் பலகையும் கம்பியும் வரப்போகிற இடத்தில் ஓர் அடி தள்ளினால் என்ன, தள்ளாவிட்டால் என்ன? சொன்னால் மகன் அடுத்த கேள்வியைக் கேட்பான். அவள் மகனைப் பார்க்காமல் சொன்னாள்.

"வெயிலுலே. கால் ஓஞ்சிருக்கும்."

அவளே போனாள். அவன் முன்னால் குனிந்து, அக்குளில் கையைக் கொடுத்தாள்.

"போதும் தம்பி. எந்திரிங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான், எழுந்திருக்க மறுத்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்து கோணிய வாய்ப்பக்கமாக இறங்கியது. அவள் கம்பை எடுத்து அவன் கையில் திணித்தாள். பலத்தையெல்லாம் சேர்த்து அவனைத் தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பை நோக்கி நடத்திக்கொண்டு போனாள். பின்னால் கடப்பாரை முதல் குத்துக் குத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.